நல்லவர் ராக்ஃபெல்லரின் நடக்காத ஆட்சி

1964 மே 30, சனிக்கிழமை, நியூயார்க்கில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அமெரிக்காவுக்கு வந்த கெட்ட காலம் அத்தனைக்கும் அந்தக் குழந்தைதான் காரணம் என்று நம்பும் படித்த கூட்டம் ஒன்று இன்றைக்கும் இருக்கிறது.

குழந்தையின் அப்பா நெல்சன் ராக்ஃபெல்லர். எண்ணெய்க் கோடீஸ்வரரின் பேரன், நியூயார்க் மாநில ஆளுநர், குடியரசுக் கட்சியின் மிதவாதிகளுக்குத் தலைவர். முதல் மனைவியை விவாகரத்து செய்துவிட்டு 1963இல் மறுமணம் செய்துகொண்டவர். மணப்பெண்ணோ கணவரையும் நான்கு பிள்ளைகளையும் விட்டு வந்தவர். ஊர் வாய் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரத்தில் தொட்டில் வந்து எல்லாவற்றையும் கிளறிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை கலிஃபோர்னியாவில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவு. 21 லட்சத்துக்கும் மேல் விழுந்த வாக்குகளில் சுமார் 68,000 வித்தியாசத்தில் பாரி கோல்ட்வாட்டர் வென்றார். அதே மாதம் செனட்டில் சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த கோல்ட்வாட்டர்தான்.

பிரசவம் நான்கு நாள் தள்ளிப்போயிருந்தால்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எத்தனை பெருமூச்சு! ராக்ஃபெல்லர் வேட்பாளராகியிருப்பார், கட்சி தெற்கத்திய நிறவெறிக்கு விலைபோயிருக்காது, நிக்சன் இல்லை, வாட்டர்கேட் இல்லை, ரீகன் இல்லை, கடைசியில் டிரம்ப்பும் இல்லை. அரை நூற்றாண்டுப் பாவத்தை ஒரு பச்சிளம் சிசுவின் தலையில் கட்டிவிட்டுக் கனவான்கள் கை கழுவிக்கொள்கிறார்கள்.

அவர்கள் ஆசையை ஏன் கெடுக்க வேண்டும்? ராக்ஃபெல்லரை நானே அதிபராக்குகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. பதவியில் அவர் செய்யும் எதையும் நான் கற்பனையிலிருந்து எடுக்க மாட்டேன். 1959 முதல் 1973 வரை நியூயார்க் மாநிலத்தை ஆண்டபோதும், அதற்கு முன்னும் பின்னும் அவர் கையாலேயே செய்த காரியங்களை மட்டும் வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோய் வைப்பேன். இதைவிட நியாயமான கற்பனை உண்டா?

1964 வேண்டாம். கென்னடி கொல்லப்பட்டு ஓராண்டுகூட ஆகாத அந்த நவம்பரில் ஜான்சனை எதிர்த்து ஆபிரகாம் லிங்கனே எழுந்து வந்திருந்தாலும் டெபாசிட் தேறியிருக்காது. கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தவை ஐம்பதில் ஆறு மாநிலங்கள். ஆகவே 1968க்கு வருவோம்.

அந்த ஆண்டு மார்ச் 21. மேரிலாந்து ஆளுநர் ஸ்பைரோ அக்நியூ தன் அலுவலகத்தில் தொலைக்காட்சிப் பெட்டிமுன் நிருபர்களைக் கூட்டி உட்கார வைத்திருக்கிறார். ராக்ஃபெல்லர் களமிறங்க வேண்டும் என்று நாடு முழுக்க ஆள் திரட்டிக்கொண்டிருந்தவர் இவர். தலைவர் இன்று அறிவிக்கப்போகிறார், அந்த நேரத்தில் தன் முகத்தில் தெரியும் பூரிப்பையும் நிருபர்கள் எழுதட்டும் என்று ஏற்பாடு. திரையில் ராக்ஃபெல்லர் வந்தார். போட்டியிடவில்லை என்றார். தனக்காக ஊர் ஊராகத் தொண்டை வறளக் கத்திய மனிதரிடம் இதை முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்த நிருபர்கள் நடுவில் அக்நியூவின் முகம் என்ன பாடுபட்டிருக்கும்! அப்புறம் ஏப்ரல் 30ஆம் தேதி, காலம் கடந்த பிறகு, மனம் மாறிவிட்டது, போட்டியிடுகிறேன் என்று ராக்ஃபெல்லர் திரும்பி வந்தார். அதற்குள் அக்நியூ நிக்சன் பக்கம் சாயத் தொடங்கியிருந்தார். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட பின் மூண்ட கலவரத்துக்காகக் கறுப்பினத் தலைவர்களை வரவழைத்து உட்கார வைத்துத் திட்டியதில் நிக்சனின் கண்ணிலும் பட்டுவிட்டார். துணை அதிபரானார். 1973இல் வரி ஏய்ப்பு வழக்கில் பதவி விலகினார். அந்த இடத்துக்கு ஜெரால்ட் ஃபோர்டு வந்தார், அவர் அதிபரானதும் காலியான துணை அதிபர் நாற்காலியில் யார் உட்கார்ந்தது? நெல்சன் ராக்ஃபெல்லர். ஒரு தொலைபேசி அழைப்பைச் செய்யாத சோம்பலுக்கு இவ்வளவு பெரிய வட்டம். மிதவாதிகளின் வீரம் பற்றி யாராவது காவியம் பாட விரும்பினால் இந்தக் காட்சியில் தொடங்கலாம்.

சரி. நம் கற்பனையில் மார்ச் 21 அன்று அவர் ‘ஆம்’ என்கிறார். மயாமி பீச் மாநாட்டில் வேட்பாளர், நவம்பரில் வெற்றி. 1969 ஜனவரி 20, பதவியேற்பு. ‘வணக்கம், எப்படி இருக்கே’ என்று வாய்நிறையச் சிரித்துக்கொண்டே யாரைப் பார்த்தாலும் தோளில் தட்டும் மனிதர். உலகமே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது.

அவருக்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் சேர்த்துவிடுகிறேன். ஜார்ஜியாவில் நிறவெறியர்கள் எரித்த கறுப்பின மக்களின் தேவாலயங்களைத் திரும்பக் கட்டப் பணம் கொடுத்தவர் இவர். 1963இல் பர்மிங்ஹாமில் சிறுவர் சிறுமியரை ஆயிரக்கணக்கில் பிடித்துச் சிறையில் தள்ளியபோது ஜாமீன் பணத்துக்குக் கை கொடுத்ததும் இவர்தான். 1964 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் தீவிரவாதக் கும்பல்களைக் கண்டிக்க மேடையேறி, சொந்தக் கட்சிக்காரர்களின் ஊளைக்கு நடுவே அசையாமல் நின்று பேசிமுடித்தார். அன்றைக்கு அந்தக் கட்சியில் மனசாட்சி செத்துப்போயிருக்கவில்லை. சிவில் உரிமைச் சட்டத்துக்கு செனட்டில் அக்கட்சியின் 27 பேர் ஆதரவு, எதிர்ப்பு வெறும் 6. நியூயார்க்கின் அரசுப் பல்கலைக்கழகங்கள் வளர்ந்ததும் இவர் காலத்தில்தான். இதையெல்லாம் மறைத்து எழுதுகிறவன் அயோக்கியன். ராக்ஃபெல்லரின் இரக்கம் நிஜமான இரக்கம். காசோலையில் கையெழுத்துப் போடும் தூரம்வரை அது போகும்.

அதற்கு மேல் போகுமா என்று அதிபரின் ஆட்சியில் பார்ப்போம்.

முதல் நியமனம், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி கிஸ்ஸிஞ்சர். இதில் கற்பனை எங்கே என்று கேட்காதீர்கள், நிக்சனிடம் போகுமுன் பத்தாண்டுக்கும் மேலாக அவர் ராக்ஃபெல்லரின் ஆள். எஜமான் மாறிப் போகும்போது பழைய எஜமான் கொடுத்தனுப்பிய அன்பளிப்பு 50,000 டாலர். அது வெளியே வந்தது 1974இல், ராக்ஃபெல்லரின் துணை அதிபர் நியமனத்தைக் காங்கிரஸ் விசாரித்தபோது. 1968 கோடையில் வியட்நாமிலிருந்து நான்கு கட்டமாகப் படையை விலக்கும் அழகான திட்டம் ஒன்றை வேட்பாளர் ராக்ஃபெல்லர் வெளியிட்டார். அதைத் தயாரித்துத் தந்தவரும் இதே பேராசிரியர்தான். அடுத்த மார்ச்சில் கம்போடியாமீது ரகசியமாகக் குண்டுமழை பொழிய ஏற்பாடு செய்ததும் இதே பேராசிரியர்தான். நிக்சன் காலத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். வியட்நாமியரும் கம்போடியரும் எத்தனை பேர் என்று எண்ணுவதில் வாஷிங்டனுக்கு எந்த நாளும் அக்கறை இருந்ததில்லை. நம் மாற்று வரலாற்றில் என்ன மாறுகிறது? உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவரின் சுவரில் பிக்காசோ தொங்கும்.

அதே ஆண்டு அதிபர் லத்தீன் அமெரிக்காவுக்கு நல்லெண்ணப் பயணம் போகிறார். நிஜத்தில் நிக்சனின் தூதராகப் போனார். பெரு வராதே என்றது, சிலியும் வெனிசுவேலாவும் கதவைச் சாத்தின. அர்ஜென்டினாவில் அவர் குடும்ப நிறுவனத்துக்குப் பங்கிருந்த சூப்பர் மார்க்கெட்டுகள் குண்டுவைத்துக் கொளுத்தப்பட்டன. அன்பாக வரவேற்ற ஊர் ஹெய்ட்டி. ஆயுள்காலச் சர்வாதிகாரி டுவாலியே, டோன்டோன் மக்கூட் என்ற கொலைப்படையை வைத்து ஊரையே நடுங்கவைத்தவர், மாளிகை முகப்பில் வந்து நிற்கிறார். பக்கத்தில் ராக்ஃபெல்லர். தளர்ந்துபோன கிழவரை அணைத்துப் பிடித்துக்கொண்டு, கீழே திரண்ட கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்கிறார், முகமெல்லாம் அதே தேர்தல் சிரிப்பு. அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. ஊர் திரும்பி அவர் எழுதிய அறிக்கை, ராணுவ ஆட்சியாளர்களோடு அனுசரித்துப் போகவேண்டும், சீர்திருத்தம் அவர்கள் வழியாகவும் வரலாம் என்று அரசுக்கு உபதேசம் செய்தது. நான்கு ஆண்டு கழித்து சிலியில் வந்த சீர்திருத்தம் விளையாட்டரங்குகளில் ஆட்களை அடைத்து வைத்துச் சுட்டது.

அதிபருக்குக் கட்டடப் பித்தும் உண்டு. 1959இல் நெதர்லாந்து இளவரசி பியாட்ரிக்ஸ் ஆல்பனி நகருக்கு வந்தபோது வழியில் ஏழைகளின் வீதிகள் கண்ணில் பட்டுவிட்டனவே என்று ஆளுநருக்குக் கூச்சமாகிவிட்டது. கூச்சம் தீர 98 ஏக்கர் குடியிருப்பை இடித்தார். ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டினார்கள். 25 கோடி டாலர் என்று ஆரம்பித்த கணக்கு 170 கோடியைத் தாண்டியது. பளிங்குக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன, பெயரும் அவர் பெயர்தான். வாஷிங்டனில் ஏழைக் கறுப்பினக் குடியிருப்புகளுக்குப் பஞ்சமில்லை, வெளிநாட்டு விருந்தாளிகளுக்கும் பஞ்சமில்லை. எந்தத் தெரு முதலில் இடிபட்டிருக்கும் என்பதை வாசகர்களே குறித்துக்கொள்ளலாம்.

இனி 1971 செப்டம்பர். இங்கே என்னால் வேகமாகக் கடக்க முடியாது.

நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில் அட்டிகா சிறை. அளவுக்கு மீறி அடைக்கப்பட்ட 2,200 பேர், பெரும்பாலும் கறுப்பினத்தவர், போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். காவலர்கள் வெள்ளையர்கள். வாரத்துக்கு ஒரு குளியல். மாதத்துக்கு ஒரு சுருள் கழிப்பறைக் காகிதம். 9ஆம் தேதி கைதிகளில் சுமார் 1,300 பேர் ஒரு முற்றத்தைப் பிடித்துக்கொண்டார்கள், நாற்பது பேரளவில் பிணைவைத்தார்கள். கேட்டது என்ன? ஒழுங்கான மருத்துவம், மனிதர் தின்னக்கூடிய சோறு, வழிபாட்டுக்கு உரிமை, செய்கிற வேலைக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி. நான்கு நாள் பேச்சுவார்த்தை. நடுவர்களாகப் போனவர்கள் ஆளுநரிடம் ஒன்றே ஒன்றைக் கெஞ்சினார்கள்: நீங்கள் வாருங்கள். உள்ளே வரவேண்டாம், கோரிக்கையை ஏற்கவேண்டாம், வாசல்வரை வந்து முகத்தைக் காட்டினால் ரத்தம் சிந்தாமல் முடியக்கூடும். ஆளுநர் தன் குடும்பத்தின் போகாண்டிகோ ஹில்ஸ் பண்ணை மாளிகையில் இருந்தார். வர மறுத்துவிட்டார்.

13ஆம் தேதி காலை. மழை. முற்றம் சேறாகிக் கிடந்தது. ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப்புகை இறங்கியது. புகைக்குள் கண் தெரியாமல் உருண்டவர்கள்மீது சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் மாநிலக் காவல்படை சுட்டது. கைதிகள் கையில் ஒரு துப்பாக்கி கிடையாது. சில நிமிடத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலி 39 பேர்: 29 கைதிகள், 10 பிணையாளிகள். பிணையாளிகளின் கழுத்தைக் கைதிகள் அறுத்துவிட்டார்கள் என்று அதிகாரிகள் அன்றே சொன்னார்கள், பெரிய பத்திரிகைகள் அப்படியே அச்சிட்டன. மறுநாள் மன்ரோ கவுன்டியின் பிரேதப் பரிசோதனை மருத்துவர் உடல்களைத் திறந்து பார்த்தார். பிணையாளிகள் செத்தது துப்பாக்கிக் குண்டில். அரசாங்கத்தின் குண்டில். உயிரோடு மிஞ்சிய கைதிகளை அம்மணமாக்கிச் சேற்றில் ஊரவைத்து, இருபுறமும் தடியோடு காவலர்களை நிறுத்தி நடுவே ஓடவிட்டு அடித்தார்கள்.

அன்றைக்கு ஆளுநர் ராக்ஃபெல்லர் அதிபர் நிக்சனோடு தொலைபேசியில் பேசினார். காவல்படை அற்புதமாக வேலை செய்ததாகப் பாராட்டினார். இது கறுப்பர்கள் வேலைதானே என்று நிக்சன் விசாரித்தார், ஆமோதித்தார் ஆளுநர். எல்லாம் ஒலிநாடாவில் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், இரண்டு குரல்களில் எது மிதவாதி, எது அயோக்கியன் என்று சொல்லிவிடுங்கள், நான் எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன். தேவாலயம் எரிந்தால் செங்கல் வாங்கிக் கொடுத்த அதே மனிதர்தான். தெற்கில் இன்னொருவன் அடக்கிய கறுப்பர்களுக்கு இரக்கம், தன் சிறையில் தன்னை எதிர்த்து நின்ற கறுப்பர்களுக்குத் தோட்டா. அடிபட்ட கைதிகளுக்கு நியூயார்க் மாநிலம் 80 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது 2000இல். இருபத்தொன்பது வருடம் இழுத்தடித்த பிறகு, அதுவும் தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே.

1973இல் அடுத்த பரிசு. கட்சியின் வலதுசாரிகள் தன்னை இன்னும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், 1976 நெருங்குகிறது. ஜனவரியில் போதைப்பொருள் விற்பவர்கள் எல்லோருக்கும் பரோலே இல்லாத ஆயுள் தண்டனை வேண்டும் என்றார் ஆளுநர். சட்டமன்றம் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மே மாதம் நிறைவேற்றியது. சில அவுன்ஸ் பொருளோடு பிடிபட்டால் குறைந்தது 15 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கொலைக்கு நிகரான தண்டனை. நீதிபதி கையில் விருப்பம் எதுவும் மிச்சமில்லை. கடத்தல் முதலாளிகள் எப்போதும்போலத் தப்பினார்கள், பொட்டலம் தூக்கிய பையன்களும் காதலனுக்குப் பதிலாக மாட்டிய பெண்களும் சிறைகளை நிரப்பினார்கள். பின்னாளில் கணக்கெடுத்தபோது நியூயார்க்கில் போதைக் குற்றத்துக்கு உள்ளே இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். மற்ற மாநிலங்கள் நகல் எடுத்தன. கட்டாயத் தண்டனைகளில் பெரும்பகுதியை நியூயார்க் கைவிட 2009 வரை ஆயிற்று. ராக்ஃபெல்லர் ஆளுநராக இருந்தே இவ்வளவு என்றால், அதிபராக இருந்திருந்தால் நகல் எடுக்கும் சிரமம்கூட மற்ற மாநிலங்களுக்கு இருந்திருக்காது.

இவ்வளவு செய்தும் வலதுசாரிகள் அவரை மன்னித்தார்களா? இல்லை. 1975 நவம்பரில், அடுத்த தேர்தலில் துணை அதிபர் வேட்பாளராக இருக்கமாட்டேன் என்று அறிவிக்க வைத்தார்கள். ஓநாய்க்கு ஆட்டுக்குட்டி கொடுத்தால் ஓநாய் சைவமாகிவிடும் என்று நம்பிய இடையன் கதை. அடுத்த ஆண்டு பிங்ஹாம்டனில் தன்னைக் கேலி செய்த இளைஞர்களைப் பார்த்து நடுவிரலைத் தூக்கிக் காட்டினார் துணை அதிபர். அவர் பொதுவாழ்க்கையில் ஒளிவுமறைவில்லாத கணம் அதுதான் என்பேன்.

மிதவாதக் குடியரசுக் கட்சிக்காரர் வென்றிருந்தால் என்று ஏங்குபவர்களிடம் யாராவது சொல்லக்கூடாதா, அவர்கள் வென்றுதான் இருக்கிறார்கள் என்று? ஐசன்ஹோவர் யார்? தாத்தாபோலச் சிரிப்பு, கோல்ஃப் மட்டை, எட்டு ஆண்டு ஆட்சி. 1953 ஆகஸ்டில் ஈரானில் மொசாதெக்கின் ஆட்சி கவிழ்ந்தது, 1954 ஜூனில் குவாத்தமாலாவில் ஆர்பென்ஸ். ஒன்று எண்ணெய்க்கு, மற்றொன்றில் வாழைப்பழக் கம்பெனியின் நிலத்துக்கும் பங்குண்டு. இரண்டு நாடுகளும் அந்தக் கடனை இன்னும் அடைத்து முடிக்கவில்லை. அடுத்து மூத்த புஷ். அவர் அப்பா பிரெஸ்காட் புஷ்ஷும் மிதவாதிதான், ஆனால் ராக்ஃபெல்லரின் மறுமணத்தை மேடையேறிக் கிழித்தவர். மகன் 1980இல் ரீகனின் திட்டத்தை வூடூ பொருளாதாரம் என்று எள்ளினார், சில மாதங்களில் அதே ரீகனுக்குத் துணையாக நின்று அதே வூடூவுக்கு வேப்பிலை அடித்தார். 1988இல் அவர் அதிபரானது எந்த வழியில்? சிறை விடுப்பில் வந்து குற்றம் செய்த ஒரு கறுப்பினக் கைதியின் பெயரை மேடைதோறும் உச்சரித்தார், ஆதரவுக் குழு ஒன்று அந்த முகத்தைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டது. வெள்ளை வீடுகளில் பயம் விளைந்தது, நாற்பது மாநிலங்கள் கிடைத்தன.

பிறகு காலின் பவல். 1995இல் அதிபர் தேர்தலில் நிற்கச் சொல்லி நாடே அவர் காலில் விழாத குறையாகக் கேட்டது, நிற்கமாட்டேன் என்று நவம்பரில் சொல்லிவிட்டார். மிதவாதக் கனவுக்கு அதைவிட அழகான கதாநாயகன் வாய்த்ததில்லை. எட்டாண்டு கழித்து, 2003 பிப்ரவரி 5, ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகப் படம் காட்டியவர் அவரேதான். அவைக்கு வெளியே சுவரில் பிக்காசோவின் குவர்னிகா நெசவுச் சித்திரம், குண்டு விழுந்த ஊரில் அலறும் தாயும் குதிரையும். அந்த நாட்களில் அதன்மேல் நீலத் திரை தொங்கியது. தொலைக்காட்சிக் கேமராவுக்குப் பின்னணி சரியாக அமையவில்லையாம். அந்தச் சித்திரத்தை 1955இல் நெய்யச் சொல்லி வாங்கியவர் யார் தெரியுமா? நெல்சன் ராக்ஃபெல்லர். அவர் காலத்துக்குப் பின் குடும்பம் ஐ.நா.வுக்கு இரவலாகக் கொடுத்திருந்தது. ஒரு மிதவாதி வாங்கிய சித்திரத்தை மூடிவைத்துவிட்டு இன்னொரு மிதவாதியைக் கொண்டு போருக்கு முகூர்த்தம் குறித்தார்கள். நாவலாசிரியன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் மிகையாக இருக்கிறது என்று பதிப்பாளர் வெட்டியிருப்பார்.

கதையை நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்து முடிக்கிறேன். 2021 பிப்ரவரி 13. ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்துக்குள் புகுந்து சூறையாடிய கும்பலைத் தூண்டியதாக டிரம்ப்மீது செனட்டில் விசாரணை முடிந்து வாக்கெடுப்பு. தீர்ப்பளித்தவர்கள் அந்தக் கும்பலுக்குப் பயந்து சந்துபொந்துகளில் ஓடி ஒளிந்தவர்களேதான், ஆகவே சாட்சியம் போதவில்லை என்று சொல்ல வழியில்லை. குற்றவாளி என்று 57 பேர், இல்லை என்று 43 பேர். தேவைப்பட்டது 67. குடியரசுக் கட்சியிலிருந்து துணிந்தவர்கள் 7 பேர். ஓஹாயோ செனட்டர் ராப் போர்ட்மன், நிதானஸ்தர் என்று இரு தரப்பிலும் பெயரெடுத்தவர், அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. யாரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை, எந்தக் கும்பலின் தயவும் தேவையில்லை. குற்றவாளி இல்லை என்று வாக்களித்தார்.